பதில் தராதோர் பத்து சதவீதம்

எதுவும் தெரியாதபோது பாதி என்று வை.
ஜிம்மாவில் முதல் வாரம் கற்றது இது.
பிரசவமாகி ஆறு வாரத்துக்குள்
எத்தனை பேர் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி வருகிறார்கள்?
யாரும் எண்ணியதில்லை.
சரி, புள்ளி ஐந்து.
அறியாமைக்கும் ஓர் எண் உண்டென்பது
அன்று எனக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

சூத்திரம் தந்த விடை முந்நூற்று எண்பத்து நாலு.
வகுப்பில் பதினெட்டுப் பேர்,
பதினோரு பேருக்கு அதே விடை.
கொசுவலைக்கும் அதுதான், கழிப்பறைக்கும் அதுதான்.
"ஊரில் மொத்தமே முந்நூற்று எண்பத்து நாலு பேர்தான் போல,
பாவம், மாறி மாறி அவர்களையே கேட்கிறோம்"
என்றான் தெமெஸ்கென்.

பதில் தராதோருக்காகப் பத்து சதவீதம் கூட்டு.
நானூற்று இருபத்து மூன்று.
வராத விருந்தாளிக்கும் சேர்த்து உலை வைப்பதுபோல.

முதல் வீட்டைச் சீட்டுக் குலுக்கி எடுத்தேன்: நாலு.
பிறகு ஏழுக்கு ஒன்று. பதினொன்று, பதினெட்டு, இருபத்தைந்து.
காப்பிப் பழம் பறிக்கும் மாதம்.
பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும் என்பது விதி.
மூன்றாம் முறையும் நாய்தான் வந்தது.
சேற்றில் ஒரு செருப்பு போயிற்று.

இருநூற்றுப் பதினாலாம் வீடு. அஸ்காலெச்.
கொட்டை வறுத்து, இடித்து,
மூன்று சுற்றுக் காப்பி ஊற்றினாள்.
ஒரு நேர்காணலுக்கு இருபத்தைந்து நிமிடம்
என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

எத்தனை குழந்தைகள்?
"பெயர் வைத்ததை மட்டுமா?"

ஏன் திரும்பிப் போகவில்லை?
தூரம் என்றால் ஒன்று, நேரமில்லை இரண்டு,
பணமில்லை மூன்று, கணவர் விடவில்லை நாலு.
"போனால் குழந்தை எங்கே என்று கேட்பார்கள்."

மற்றவை. தொண்ணூற்றொன்பது.

ஜனவரியில் எண்கள் வந்து சேர்ந்தன.
தூரத்துக்கும் திரும்பாமைக்கும் தொடர்பு உண்டா?
புள்ளி சுழியம் ஐந்து ஒன்று.
ஐந்தில் நின்றிருந்தால்கூட வாதாடிப் பார்த்திருப்பேன்.
தெமெஸ்கென் திரையில் விரலை இறக்கிக்கொண்டே போனான்,
இருநூற்றுப் பதினாலில் நிறுத்தினான்.
"இது பாதி காலியாகக் கிடக்கிறது, லெலிசே.
தூக்கிவிடு. யார் கேட்கப்போகிறார்கள்?"

அன்றிரவு தூக்கிப் பார்த்தேன்.
புள்ளி சுழியம் நாலு எட்டு.
விடுதியில் மின்சாரம் போய் வந்தது.
திரும்ப வைத்தேன்.

ஆய்வேட்டின் முதல் வரைவு சிவந்து திரும்பியது.
"நான் நடந்தேன்" கூடாதாம்.
"தரவு சேகரிக்கப்பட்டது" என்று மாற்றினேன்.
பட்டது யார் என்பது மட்டும் வாக்கியத்தில் இல்லை.
குறைபாடுகள் பகுதியில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன்.
ஓரத்தில் ஒரு கேள்வி: எத்தனை பேர்?
ஒருவர்.
ஒருவரைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது.
நியாயம்தான். அடித்துவிட்டேன்.

அடுத்த அணியிலிருந்து ஹிருத் வந்து
என் கேள்வித்தாளைக் கடன் கேட்டாள்.
கொடுக்குமுன் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்தேன்:
கொண்டுபோகக் குழந்தை இல்லை.
அவள் நெடுநேரம் அதையே பார்த்தாள்.
இதில் எத்தனை பேர் குறியிடுவார்கள் என்றாள்.
யாரும் எண்ணியதில்லை என்றேன்.