கழித்தல்

செதூபல் நகரம். இதயப் பிரிவின் பிளாஸ்டிக் நாற்காலி.
அமில்காருக்கு நாற்பத்து மூன்று வயது,
நெஞ்சுக்குள் புதிதாய் ஒரு ஸ்டென்ட்.
படிவத்தில் பதினோராம் கேள்வி:
உங்களைச் சுமந்தபோது தாயின் எடை?

போன் போட்டான்.
தியோலிந்தா சிரித்தாள்.
"எங்களை யாரடா எடைபோட்டார்கள்?
கேனரியில் தராசு மத்திக்குத்தான்.
ஒருநாள், ஏழாம் மாதம்,
கிராசா விளையாட்டாய் என்னை அதில் ஏற்றிவிட்டாள்.
தொண்ணூற்று நாலு.
மேஸ்திரிகூடச் சிரித்தான்."

எழுதினான், மெதுவாக.
எதற்கு இதெல்லாம் என்றாள்.
சும்மா, படிவத்துக்கு.

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
பிறகு குரல் இறங்கி:
"அன்றைக்கு ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன்.
ஏப்ரன் முழுக்க உப்புத்தண்ணீர்.
உள்ளே நீ வேறு.
அதையெல்லாம்
கழித்துவிட்டு எழுது."