நூல்

மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் எங்கள் கூடாரம்.
டென்மார்க்கின் வடமேற்குக் காற்று
ஃபியோர்டைத் தாண்டி வந்து
தூக்குக்குண்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.
குண்டு நிற்கும்வரை யாரும் மூச்சுவிடுவதில்லை,
நானும்தான்.

மிதிகட்டை அச்சின் நடுவில் செங்குத்தாக ஒரு கோடு.
அதற்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால்
இருக்கையின் மூக்கு நிற்க வேண்டும்.
நூலில் இருப்பதை நூலால் அளப்பது
சனிக்கிழமைகளில் என் வேலை.
மற்ற நாட்களில் பால் பண்ணைகளில்
குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கிறேன்.

எண் நாற்பத்தொன்று, மெரெத்தே ஸ்கொவ்.
உயரம் நூற்று ஐம்பத்திரண்டு, காலணியோடு.
நாலு புள்ளி நாலு, என்றேன். பின்னுக்குத் தள்ளு.

"தள்ளினால் முழங்கால் விலாவில் இடிக்கும்.
போன ஞாயிறு ட்ரையத்லானில் இதே வண்டி,
இருக்கை இன்னும் இரண்டு விரற்கடை முன்னால்.
கடலிலிருந்து எழுந்து வந்து ஏறினேன்.
ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை."

அது வேறு சங்கம், வேறு புத்தகம்.

"தொடை எலும்பு அதேதான்."

குள்ளமானவர்களுக்கு விலக்கு உண்டு.
இருக்கைக்கோ கைப்பிடிக்கோ,
ஏதாவது ஒன்றுக்கு.
அவள் கைப்பிடிக்குக் கேட்டிருந்தாள்.
படிவத்தில் என் கையெழுத்துதான்.

புறப்படப் பதினோரு நிமிடம்.
வேனுக்கு ஓடி இன்னோர் இருக்கையோடு வந்தாள்.
முனையை இரும்புவாளால் அறுத்து
கறுப்பு டேப் சுற்றியிருந்தது.
மூக்கறுபட்டது இருக்கையா நானா
என்று யோசிக்க நேரமில்லை.
நீளம்: இருபத்து நாலுக்கு ஒரு நூல் அதிகம்.
சாய்வு சரி.
குண்டைத் தொங்கவிட்டேன். காற்று. காத்திருந்தோம்.
ஐந்து.

அறுக்கக் கூடாதென்று
அந்த வருடத்துப் புத்தகத்தில் எங்கும் இல்லை.
இருமுறை புரட்டிவிட்டுப்
பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

சரிவுமேடையிலிருந்து இறங்கினாள்.
படகுத்துறை வளைவு தாண்டி நேர்ச்சாலை தொடங்கியதும்
இடுப்பை நகர்த்தி நகர்த்தி முன்னால் வந்தாள்,
டேப் சுற்றிய விளிம்புவரை,
அதற்கும் அப்பால்.
இருக்கை இல்லாத இடத்தில் உட்கார்ந்து மிதித்தாள்.
அதை அளக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பதினேழாவதாக வந்தாள்.
வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடாரத்தைக் கடந்தபோது
இருவரும் தலையசைத்துக்கொண்டோம்.

அதற்குள் ஆண்கள் வரிசை.
முதல் ஆள் ஆறடி நாலங்குலம்,
இருக்கை எங்கோ பின்னால்,
ஒரு சாண் தாராளமாக இருக்கும்.
பார்க்காமலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம்.
குண்டு நிற்கக் காத்திருந்தேன்.