எடை இறங்கின பிறகு

பதினெட்டாயிரத்து இருநூறு என்று
அச்சடித்துத் தந்தார்கள் ஷோரூமில்.
வண்டி வாங்கினதே முப்பத்தைந்துக்கு.
தாளை மடித்து டேஷ்போர்டில் வைத்தேன்;
மங்கலம் ரோடு வரும்வரை
அதுவும் சேர்ந்து ஆடியது.

தொண்ணூற்றெட்டு மாடல் மாருதி.
வேகத்தடை ஏறினால்
முன்பக்க இடது மூலையில் யாரோ
காலிக் குடத்தை வைத்து வைத்து எடுப்பார்கள்.
"அங்க என்னமோ அவுந்து கெடக்குதுங்" என்பாள் தமயந்தி
ஒவ்வொரு தடையிலும்,
முதல்முறை கேட்பவள் போலவே.

நிட்டிங் மிஷின்கள் ஓயும் ஒரே பகல், ஞாயிறு.
சந்தில் ஜாக்கி போட்டேன்.
ஹாலோ பிளாக்கை உருட்டி வந்தவனை
எதிர்வீட்டு மேஸ்திரி நஞ்சப்பன் மறித்தார்:
"அது செவுத்துக்குத்தான் ஆவும்.
அடியில மனுசன் படுக்கறதுக்கு ஆவாது."
கறிக்கடைக்காரர் கழித்துப்போட்ட
புளியங்கட்டை இரண்டு, நடு குழிந்தவை,
அதன்மேல் இறக்கினேன்.
எத்தனை கழுத்தைப் பார்த்த மரம்!
என் கழுத்துக்கு மேலே
ஒரு காரைத் தாங்கிக்கொண்டு நின்றது.

துரு.
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன்.
அடுத்த ஞாயிறு ஸ்பேனரில் குழாயைச் செருகி
முனையில் அவளை ஏறி நிற்கச் சொன்னேன்.
நின்றாள். குழாய் வளைந்தது.
"குதிக்கட்டுங்களா?"
குதித்தாள்.
டக்.
உடைந்ததா, விட்டதா
தெரியாத அந்த நொடியில்
இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.
விட்டிருந்தது.

புஷ் இருந்த இடத்தில் கறுப்புப் பொடி.
நாற்பத்தைந்து ரூபாய் ரப்பர்.
இதற்காகவா இத்தனை நாள் ஸ்டீரிங்
என் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கியது?

உக்கடம் போனேன் பஸ்ஸில்,
மடியில் லோயர் ஆர்ம்,
எக்ஸ்போர்ட் பாலிதீன் கவரில் சுற்றி.
"ஏனுங், உழவுச் சாமானுங்களா?"
ஆமாங்க என்றேன்.
விளக்கி முடிப்பதற்குள் கருமத்தம்பட்டி வந்துவிடும்.

புது புஷ் நான்கும் ஃப்ரீசரில் கிடந்தன,
குளிரில் ஒரு மயிரிழை சுருங்கட்டுமென்று.
ஐஸ் எடுக்கப்போன சின்னவன்
ஒன்றை நக்கிப் பார்த்திருக்கிறான்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் ஒரு நாள் வாடகை நூறு.
கொடுத்தவர் ஒன்றே ஒன்று சொன்னார்:
"சுருளுக்கு நேரா மூஞ்சியக் காட்டாதீங்."
பக்கவாட்டில் உட்கார்ந்து
கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம்.
அந்த ஒரு மணி நேரம்
நான் யாரையும் திட்டவில்லை.
கையைத் துடைத்த பனியன் வேஸ்டில்
ஒரு குழந்தைச் சட்டையின் கை,
பாதி யானை அச்சடித்தது.

எல்லாம் முடுக்கி, குளித்து,
சோற்றில் கை வைக்கும்போது நினைவு வந்தது:
சக்கரம் தொங்குகையில் இறுக்கிவிட்டேன்.
தொங்கும்போது இறுக்கினால் ரப்பர்
அதுதான் தன் நிலையென்று நம்பிவிடும்.
தரையில் இறங்கிய பின்
நாளெல்லாம் திருகியபடி கிடந்து
ஆறு மாதத்தில் கிழியும்.

மறுபடி தளர்த்தினேன், டார்ச் வெளிச்சத்தில்.
நாலு சக்கரமும் மண்ணில்.
முன்சீட்டில் தமயந்தி, பின்னால் ரேஷன் அரிசி மூட்டை.
அடியில் நுழைய ஒரு சாண் இடம்.
"அசையட்டுங்களா?"
அசையாதே, அப்படியே இரு.
இப்போது இறுக்கினேன்.

சக்கரம் நேர் பார்க்க
மில்லிலிருந்து நாற்பதாம் நம்பர் நூல்.
பின் டயரிலிருந்து முன் டயர் வரை
இழுத்துக் கட்டி, குந்தி உட்கார்ந்து,
ஒரு கண்ணை மூடி.
காற்றடித்தால் கணக்கு மாறும்.
காற்று நிற்கக் காத்திருந்தேன்.

ஐயாயிரத்து அறுநூற்று நாற்பது.
கட்டைவிரல் நகம் தனி.

வஞ்சிபாளையம் கேட்டில் தண்டவாளம் ஏறி இறங்கினோம்.
காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
ஜன்னல் கண்ணாடி மட்டும் லேசாக நடுங்கியது.
தூங்கிக்கொண்டிருந்தவள்
நூறடி தாண்டிக் கண் விழித்து
"கேட்டு வந்துருச்சுங்களா?" என்றாள்.

இன்னும் ஒரு விரற்கடை
இடதுபக்கம் இழுக்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
ஞாயிறு வரட்டும்.
நூல் மிச்சமிருக்கிறது.