வால்மயிர்க் கணக்கு

எங்கள் பட்டினத்துக்கு நெல்வயல் கிடையாது.
கொல்லையில் உடைமரம், தெருவில் மணல்,
கிணற்றில் இறைத்தால் பாதி கடல்.
ஆனாலும் இந்த ஊர் பசித்துப் படுத்ததில்லை.
இரண்டு கல்தூண், குறுக்கே ஒரு பனங்கழி:
அதுதான் எங்கள் கழனி.
கழி ஏறி இறங்கினால்
விளைச்சல்.

மிளகுப் பொதிக்கு இவ்வளவு,
பாக்கு, சங்கு, சீனத்துக் கிண்ணம் இவ்வளவு,
தலைச்சுமை உப்புக்கு அரை நாழி உப்பு.
ஐந்நூற்றுவர் கூடிக் கல்லில் வெட்டியது.
மேலே மன்னர் பேர் நீளமாக இருக்கிறது,
அதற்குக் கீழே அவர் படித்திருக்க மாட்டார்.
நான் கழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
ஓலையில் கீறுகிறவன்.
பேர் திருவேகம்பன். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
"ஏ கணக்கு" என்பார்கள்.

கச்சான் ஓய்ந்து கொண்டல் தொடங்காத
அந்தப் பத்து நாளில்
குதிரைக் கலம் தீவுகளுக்கு உள்ளே வந்து நின்றது.
ஏற்றியது நாற்பத்தொன்று.
ஆண்கடல் தன் பங்கை எடுத்துக்கொண்டு
முப்பத்திரண்டைக் கரைக்கு விட்டது.
அஞ்சுவண்ணத்து யாகூபு
ஒரு மூட்டையை என் ஓலைமேல் அவிழ்த்தார்:
ஒன்பது வால்மயிர்க் கற்றை.
ஒன்று மட்டும் வெள்ளை.
எல்லாவற்றிலும் ஈர நாற்றம்.

செத்ததற்கும் அரண்மனை விலை தரும்,
ஒப்பந்தம் அப்படி.
சிக்கல் எனக்குத்தான்: சுங்கம் உண்டா?
"குளம்பு மணலில் படவில்லையே" என்றார் யாகூபு.
"விலை இருந்தால் அது சரக்கு" என்றான்
சுங்கத்துக்கு மேலாளாக இருந்த மல்லன் எட்டி.
வெற்றிலை இரண்டு தரம் வந்து போயிற்று.
இறங்கிய கழிக்குப் பின்னால்
எருதுகள், பொதிகள், வசவுகள்.
கடைசியில்,
"கடலில் இறந்தன ஒன்பது. விலை உண்டு, சுங்கம் இல்லை"
என்று கீறி, மை தடவினேன்.

அடுத்து உய்யவந்தாள்.
வாலிநோக்கத்து அளத்திலிருந்து நடந்து வருகிறவள்.
தலையில் பெட்டி, பெட்டியில் ஒன்றுமில்லை.
பாதி வழியில் பிடித்த மழை
உப்பை அவள் முதுகில் இறக்கிவிட்டுப் போயிருந்தது.
வெயில் ஏறி, புடவை முழுக்க வெள்ளைக் கோடு.
"அரை நாழி" என்றேன். பழக்கம்.

அவள் என்னைப் பார்க்கவில்லை,
அந்த ஒன்பது கற்றையைப் பார்த்தாள்.
முந்தானையில் ஒரு நூலைப் பிய்த்து
வெள்ளைக் கற்றைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"நக்கிப் பாரு. உப்பா இல்லையா?
இது என் பெட்டியோட வால்.
விலை எழுது."

முதலில் யாகூபு மட்டும் சிரித்தார்.

எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள்,
மல்லன் எட்டி கேட்டதே போதும்.
"உப்புப் பெட்டி ஒன்று, வழியில் இறந்தது."
குதிரைகளுக்குக் கீழே, அதே வரிசையில்.

மாதக் கடைசியில் சபை கூடி ஓலை வாசித்தபோது
அந்த வரியில் குரல் நின்றது.
எனக்கு இரண்டு மரக்கால் நெல் பிடித்தம்.
அவளுக்கு ஒரு காசு,
முத்திரை விழுந்த ஓலையை என்ன செய்வது?

அடுத்த சந்தை நாள்
இருட்டுப் பிரியுமுன்னே கழிக்கு எதிரே
பதினேழு பெண்கள், பதினேழு பெட்டி,
எல்லாம் சொட்டச் சொட்ட.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
எட்டு நாளாய் ஒரு பொட்டு மேகமில்லை.
முதல் ஆள் அதற்குள்
முந்தானை நூலைப் பிய்க்கத் தொடங்கியிருந்தாள்.