தனிநிலை

பியல் நகராட்சி, மூன்றாம் மாடி.
கடுதாசிக் குவளையில் ஆறிப்போன தேத்தண்ணி.
"அகதிகள் குடியமர்வு: சீர்திருத்த ஆலோசனை"
என்று கதவில் ஒட்டிய தாளின் ஒரு மூலை
கழன்று ஆடிக்கொண்டிருந்தது.

என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள்.
பதினாலு வருடமாய்
பிறர் பேசியதைப் பேசுகிறவள் நான்.
பேர்ன் விசாரணை அறையில்
மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி:
அவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல்.
அப்படித்தான்,
என்னைத் தடுப்பில் வைத்து அடித்தார்கள்.
என் மகன் படகிலேயே போய்விட்டான்.
நான் கொழும்பில் ஒரு லொட்ஜில் ஏழு மாதம் ஒளித்திருந்தேன்.
நான் திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.
ஐந்து மணிக்கு
அந்த நான்களை மேசையிலேயே விட்டுவிட்டு ரயிலேறுவேன்.
சிலது
லீஸ் நிலையம் வரைக்கும் கூட வரும்.

இந்த நாட்டில் ஆளுக்கொரு எழுத்து.
வந்தவுடன் தருவது 'என்'.
தமிழில் அது உரிமை சொல்லும்;
அட்டையில், எதுவும் உன்னுடையதில்லை என்று சொல்லும்.
பிறகு சிலருக்கு 'எஃப்':
ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை,
தற்காலிகம்.
என் தற்காலிகம் ஒன்பது வருடம்.
எஃப்-இன் நடுவில் குந்தியிருக்கும் அந்த மூன்று புள்ளி
உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது.
தனிநிலை என்று
மரியாதையாகப் பெயர் வைத்தது இலக்கணம்.
வீட்டு முதலாளிகளுக்கு அந்த மரியாதை தெரியாது:
"ஓ, அந்த அட்டையா? அறை போய்விட்டது."

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"
திருமதி ஏபர்சோல்ட் கேட்டார்.
பழக்கதோஷம்,
யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.
பக்கத்துக் கதிரையில் ஆளில்லை.

இன்பரூபனைப் பற்றிச் சொன்னேன்.
வயது இருபத்திரண்டு. தாய் தகப்பன் ஒரே நாளில்.
சோறு தீத்தி, சட்டை தோய்த்து, பள்ளிக்கூடம் அனுப்பியவள்
அக்கா செல்வரதி.
இதே பியலில், கடிகாரத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை.
கணினி அவனைக் கிராவ்புண்டனுக்குப் பிரித்தது.
மூன்று ரயில், ஒரு மஞ்சள் பஸ்.
படிவத்தில் குடும்பம் என்றால்
மனைவி, பதினெட்டுக்குக் கீழே பிள்ளை.
அக்காவுக்குப் பெட்டி இல்லை.
ஜெர்மனில் அக்காவே இல்லை,
அக்காவையும் தங்கச்சியையும்
ஒரே சொல்லுக்குள் போட்டு மூடியிருக்கிறார்கள்.
அன்று நான் அக்காவை அந்தச் சொல்லால்தான் பெயர்த்தேன்.
பிழையில்லாத மொழிபெயர்ப்பு.
அவனுக்கு அது உதவவில்லை.

"சரி, எதை மாற்றலாம்?"
கன்டோனிலிருந்து வந்த கெர்பர் பேனாவைத் திறந்தார்.

ஒரு வரி கூட்டுங்கள்.
*உங்களை வளர்த்தவர் யார், இப்போது எங்கே இருக்கிறார்?*

"பொய் சொல்வார்களே."
சொல்வார்கள்.
பொய்யையும் நான் பெயர்த்திருக்கிறேன், அதே குரலில்.
ஆனால், அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கப்
பொய் சொல்கிறவனால்
அரசுக்கு என்ன நட்டம்?
கெர்பர் சிரிக்கவில்லை. எழுதினார்.
மேசையின் அந்தக் கோடியில்
எரித்திரியாக்காரி செம்ஹார்
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"என்னை வளர்த்தது சித்தப்பா. சூரிச்சில் இருக்கிறார்."
பிறகு கொஞ்ச நேரம்
ஹீட்டர் மட்டும் பேசியது.

முன்மொழிவு பதினேழு, பரிசீலனைக்கு.
குறிப்பெடுத்த பெடியன் நிமிர்ந்தான்:
"சொன்னவர், மொழிபெயர்ப்பாளர் என்று போடவா?"
இல்லை, நான்.
எந்த நான் என்பதுபோல் பார்த்தான்.
பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்,
இரண்டு தரம்.

பரிசீலனை வசந்தத்தில் தொடங்குமாம்.
இன்று வெள்ளி.
மலையில் பனி கொட்டுகிறது.
நாளன்றைக்கு, அக்காவோடு மத்தியானம் சாப்பிட
அவன் விடிய நாலரைக்கே எழும்ப வேணும்.