நான்காவது சுவர்

தம்போபாத்தா ஆற்றங்கரையில்
எங்கள் அறைக்கு மூன்றே சுவர்.
நான்காவது இருக்க வேண்டிய இடத்தில்
பெரு நாட்டுக் காடு.

ஒன்பதரைக்கு ஜெனரேட்டர் நின்றது.
கொசுவலைக்குள் நான்,
காயாத காலுறை,
பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

நாலு மணிக்கு
காலிப் பீப்பாய்க்குள் யாரோ
புயலை அடைத்தது போல் ஓர் ஓலம்.
"குரங்குதான்,"
காப்பி ஊற்றியபடி சொன்னாள் டெல்மிரா.

பக்கத்து அறை டச்சுக்காரர்
புகார்ப் புத்தகம் கேட்டு வாங்கி
'நாளை இந்தச் சத்தம் கூடாது' என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டார்.
எழுத்துக் கூட்டிப் படித்தவள்
"சொல்லிவிடுகிறேன்" என்றாள்.
உதட்டில் ஒரு சுழிப்பும் இல்லை.

மறுநாள் விடியுமுன் பெருமழை.
குரங்குகள் வாயே திறக்கவில்லை.
டச்சுக்காரர்
தட்டுக்கு அடியில் இருபது சோல் நோட்டு வைத்தார்.
அவள் மறுக்கவில்லை.

படகேறும்போது
என் அரைகுறை ஸ்பானிஷில் கேட்டேன்:
"அதில் குரங்குகளுக்குப் பங்கு உண்டா?"
"அவைதான் முன்பே எடுத்துக்கொண்டனவே,
உங்கள் பிஸ்கட்டை."

நடு ஆற்றில் பையைத் துழாவினேன்.
உறை மட்டும் இருந்தது,
நாலாய் மடித்து.