இடைவெளிக்கான காரணம்

பதவி உயர்வுப் படிவம், பக்கம் ஏழு.
‘சேவையில் இடைவெளி இருப்பின் காரணம் தருக.’
இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஊமல் தேடிப் பளைக்குப் போனேன்.
ஒரு சாக்கு ஊமலுக்குக் காசு கொடுக்கிற ஆளைக்
குணரத்தினம் அண்ணை அதுவரை கண்டதில்லை.
“ரீச்சர், அடுப்பெரிக்கவோ?”
ஓம் அண்ணை. தொள்ளாயிரம் பாகை அடுப்பு.

ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும்.
அறுநூறில் நின்றுபோன கரிக்கு
எந்த ஆய்விதழிலும் பெயர் கிடையாது.
கிருபாநிதி குறிப்பேட்டில் எழுதுவான்:
‘மாதிரி 31. அரைவேக்காடு. எறிய வேண்டாம்.’

இரண்டாயிரத்து ஏழு. பாதை பூட்டு.
திருகோணமலைக் கப்பலுக்கு வரிசை.
பையில் சின்னப் போத்தல், அதற்குள் கறுப்புத் தூள்.
சிப்பாய் மூடியைத் திறந்தான், மணந்தான்,
இன்னொருவனைக் கூப்பிட்டான்.
என்ன இது?
கரி.
கரியை ஏன் கப்பலில் கொண்டுபோகிறாய்?

நல்ல கேள்வி.
என் நெறியாளரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை.
தெரிந்த சிங்களத்தில் ‘நனோ’ என்று தொடங்கினேன்.
குளிக்கவா என்றான்.
அவன் மொழியில் அது குளிப்புக்குக் கிட்ட.
ஒன்பது மணித்தியாலம் கழித்து என்னை விட்டார்கள்.
போத்தலை விடவில்லை.

பிறகு மூன்று வருடம்
முதலாம் ஆண்டுக்கு ஆவர்த்தன அட்டவணை.
ஆறாவது கட்டத்தில் சுண்ணக்கட்டி கொஞ்சம் நிற்கும்,
பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள்.

எங்களிடம் இலத்திரன் நுணுக்குக்காட்டி இல்லை.
பாதை திறந்தபின் எல்லா மாதிரியும் யப்பானுக்குப் போனது,
இடம் மிஞ்சியதால் 31உம்.
ஒரு வெள்ளிக்கிழமை படம் வந்தது:
சுவர் இடிந்த வீடுகள் மாதிரி, துளைக்குள் துளை.

ஒரு கிராம் நல்ல கரியின் உட்சுவர்களை விரித்தால்
வளாக மைதானத்தில் கால்வாசி மூடும்.
வேலை செய்வதெல்லாம் அந்த வெற்றிடத்தின் விளிம்புதான்.
ஏழாலைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம்.
நைத்திரேற்றில் பாதியை 31 பிடித்து வைத்தது,
மற்றப் பாதியை விட்டுவிட்டது.
கட்டுரையில் ‘ஓரளவு’ என்று எழுதினோம்.
கிருபாநிதிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

படிவத்துக்கு வருகிறேன்.
‘துளைகள்’ என்று எழுதிவிட்டு வெட்டினேன்.
‘நாட்டு நிலைமை காரணமாக.’
எல்லோரும் எழுதுவது. அரை வரி மிச்சம்.

கதவடியில் கிருபாநிதி:
“மிஸ், எட்டு மணி மட்டும் கரண்ட் நிக்குமாம்.
ஏத்தட்டோ?”

ஏத்து.